மைதா இல்லாத ரொட்டி, சர்க்கரை இல்லாத கேக்: குறைமாவுச் சமையலின் அடிப்படைகள்

மாவுச்சத்தைக் (கார்போஹைட்ரேட்டை) குறைக்க நினைக்கும் பலரும் முதலில் செய்வது ஒன்றுதான். நன்றாக வரும் ஒரு கேக் குறிப்பை எடுத்து, 200 கிராம் மைதாவுக்கு 200 கிராம் பாதாம் மாவு, சர்க்கரைக்கு ஏதோ ஓர் இனிப்பூட்டி என்று அளவுக்கு அளவு மாற்றிப் போடுவார்கள். ஓவனிலிருந்து வருவதோ எண்ணெய் கசிந்து, நடுவில் அமுங்கி, கத்தி பட்டதும் உதிரும் ஒரு வில்லை. பழி பாதாம் மாவின் மீது விழும். உண்மையில் மைதாவும் சர்க்கரையும் அந்தக் கலவைக்குள் நாலைந்து வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, அந்த வேலைகளை வேறு யாரிடமும் ஒப்படைக்காததுதான் சிக்கல். குறைமாவு, நிறைகொழுப்புச் சமையலைக் கற்பதென்றால் இந்த வேலைப் பங்கீட்டைக் கற்பதுதான். அது பிடிபட்டால் எந்தக் குறிப்பையும் திருத்திக்கொள்ளலாம்.

எவ்வளவு குறைத்தால் ‘குறைவு’?

ஒரே கோடு கிடையாது. நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து என்றால் பொதுவாகக் குறைமாவு உணவு என்பார்கள். 20 முதல் 50 கிராமுக்குள் இறங்கினால் அது கீட்டோ. இந்தக் கடைசி வகை எடை குறைப்புக்காகப் பிறந்ததல்ல. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் 1921-இல் வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக முன்வைத்தது அது.

மாவுச்சத்தைக் குறைத்த இடத்தில் வயிறு நிரம்ப வேண்டுமே, அந்த இடத்துக்குக் கொழுப்பு வருகிறது. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9. ஆகவே மாவு குறைந்த பண்டம் கலோரி குறைந்த பண்டம் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் நேர்மாறாகத்தான் இருக்கும்.

உறையில் உள்ள எண்களைப் படிக்கும்போது ஒரு பொறி உண்டு. நார்ச்சத்து ரத்தச் சர்க்கரையை ஏற்றாது என்பதால் மொத்த மாவுச்சத்திலிருந்து நார்ச்சத்தைக் கழித்து ‘நெட் கார்ப்’ கணக்கிடுகிறோம். எரித்ரிடால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அதையும் கழிக்கலாம். ஆனால் அமெரிக்க உறைகளில் மாவுச்சத்து என்று போட்டிருப்பது நார்ச்சத்தையும் சேர்த்தது. ஐரோப்பிய, ஆஸ்திரேலிய உறைகளில் நார்ச்சத்தை முன்பே கழித்துத் தனியாகப் போட்டிருப்பார்கள். அங்கே மறுபடி கழித்தால் சில பொருள்களுக்கு விடை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். எந்த நாட்டு உறை என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

மருந்து உட்கொள்பவர்களுக்கு ஒரு சொல். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுப்பவர்கள் திடீரென மாவுச்சத்தைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். அதே நோய்க்கு எஸ்ஜிஎல்டி2 வகை மருந்து எடுப்பவர்களுக்கு, சர்க்கரை அளவு சாதாரணமாகவே இருக்கும்போதுகூடக் கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறும் நிலை) வரக்கூடும். ரத்த அழுத்த மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம். கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இதே பட்டியலில் சேர்கிறார்கள். இவர்கள் மருத்துவரிடம் பேசிய பிறகே உணவை மாற்ற வேண்டும்.

மைதா என்னதான் செய்துகொண்டிருந்தது?

இரண்டு பெரிய வேலைகள். ஒன்று பிடிப்பு. மைதாவில் உள்ள குளூட்டெனின், கிளையடின் என்ற புரதங்கள் தண்ணீர் பட்டதும் கைகோத்துக் குளூட்டன் வலையாகின்றன. ஈஸ்டோ பேக்கிங் பவுடரோ உண்டாக்கும் வாயுவை அந்த வலைதான் பிடித்து வைக்கிறது. இரண்டாவது உறிஞ்சல். 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வாக்கில் மைதாவின் ஸ்டார்ச் ஈரத்தைக் குடித்து ஊதி, கூழாகி, ஆறும்போது இறுகுகிறது. கேக்கின் மென்மையான உட்பகுதி என்று நாம் சொல்வது இதைத்தான்.

பாதாம் மாவில் குளூட்டன் இல்லை, ஸ்டார்ச்சும் பெயரளவுக்குத்தான். எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு, ஐந்தில் ஒரு பங்கு புரதம். 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 20 கிராம், அதிலும் பாதிக்கு மேல் நார். மைதாவில் அதே 100 கிராமுக்கு மாவுச்சத்து 76 கிராம். ஆகப் பாதாம் மாவு கலவைக்குக் கனமும் சுவையும் கொழுப்பும் தரும். பிடித்தும் வைக்காது, பெரிதாக உறிஞ்சவும் செய்யாது. பழைய குறிப்பில் இருந்த வெண்ணெயை அப்படியே போட்டால் எண்ணெய் கசிவது இதனால்தான். மாவே கொழுப்போடு வருவதால் வெண்ணெயை மூன்றில் ஒரு பங்காவது குறைக்க வேண்டும்.

வாங்கும்போது தோல் நீக்கி நைசாக அரைத்தது என்று பார்த்து வாங்குங்கள். தோலோடு அரைத்தது பிஸ்கட்டுக்கும் அடிமாவுக்கும் சரி, கேக்குக்குச் சொரசொரப்பாக இருக்கும். வீட்டில் அரைப்பவர்கள் தோலுரித்த பாதாமை ஈரம் போக நன்றாக உலர்த்தி, குளிரவைத்து, ஓரிரு நொடி ஓட்டி நிறுத்தி, மறுபடி ஓட்டி அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் எண்ணெய் பிரிந்து பாதாம் வெண்ணெய் ஆகிவிடும். கொழுப்பு நீக்கிய பாதாம் மாவு என்று ஒன்றும் விற்கிறது. அது ஈரத்தை வெகுவாகக் குடிக்கும். சாதாரணப் பாதாம் மாவுக்கு எழுதிய குறிப்பில் அதைப் போட்டால் கட்டியாகக் காய்ந்த கேக்தான் வரும்.

தேங்காய் மாவு இதற்கு எதிர்முனை. எண்ணெய் பிழிந்து உலர்த்திய தேங்காயை நைசாக அரைத்தது அது. உலர்தேங்காய்த் துருவலைப் பொடித்தால் கிடைப்பது வேறு பொருள். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நார் என்பதால் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே போகும். 100 கிராம் பாதாம் மாவின் இடத்தில் 25 முதல் 30 கிராம் தேங்காய் மாவு போதும். ஒவ்வொரு 30 கிராமுக்கும் ஒரு முட்டையும் கொஞ்சம் திரவமும் கூடுதலாக வேண்டும். கலந்தவுடன் நீர்த்துத் தெரியும், அவசரப்பட்டு மேலும் மாவு சேர்க்காதீர்கள். பத்து நிமிடம் விட்டால் தானாகக் கெட்டியாகும். தொடக்கநிலையில் தேங்காய் மாவை மட்டும் வைத்துச் சமைப்பதைத் தவிர்ப்பது நல்லது. பாதாம் மாவோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் உலர்த்தன்மை தெரியாது, எண்ணெய்க் கசிவும் நிற்கும்.

பாதாம் ஒவ்வாதவர்களுக்குச் சூரியகாந்தி விதை மாவு அளவுக்கு அளவு ஒத்துவரும். ஒரு வேடிக்கை: சமையல் சோடாவோடு சேர்ந்தால், விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் வினைபுரிந்து கேக்கின் உள்ளே பச்சை நிறம் ஏறும். தீங்கில்லை. ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் சேர்த்தால் நிறம் அடங்கும். ஆளிவிதை மாவில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 29 கிராம், அதில் 27 கிராம் நார். கணக்குக்கு இதைவிட நல்ல மாவு இல்லை. ஆனால் தனி வாடை உண்டு. முறுகலான உப்பு பிஸ்கட்டுக்கு அருமை, வெண்ணிலா கேக்குக்கு வேண்டாம்.

பிடித்து வைப்பது யார்?

பெரும்பங்கு முட்டைக்கு. ஓடு நீக்கிய நடுத்தர முட்டை சுமார் 50 கிராம். மஞ்சள் கரு 17, மீதி வெள்ளை. வெள்ளைக் கரு 60 டிகிரிக்கு மேல் இறுகத் தொடங்கி 80-ஐ எட்டும்போது நன்றாகக் கெட்டிப்படும். கேக்கைத் தாங்கும் சுவர் அதுதான். எல்லாப் பாரத்தையும் முட்டை மீதே ஏற்றினால் கேக் ஆம்லெட் வாடை அடிக்கும். அதனால்தான் வேறு பிடிப்பான்களும் தேவைப்படுகின்றன.

ரொட்டிக்கு இசப்கோல் உமியைவிட நல்ல துணை இல்லை. சைலியம் என்ற பெயரிலும் விற்கும். தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை இழுத்துப் பசையாகி, குளூட்டன் வலைக்கு ஓரளவு ஈடாக வாயுவைப் பிடிக்கிறது. உமியாக இருப்பதும் பொடியாக இருப்பதும் கரண்டியில் அள்ளினால் ஒரே எடை வராது; பொடி நெருக்கமாக அடங்கும். குறிப்பு கரண்டிக் கணக்கில் இருந்தால் பாதித் தோல்வி அங்கேயே. கிராமில் எடை போடுங்கள். சில வகை உமி வேகும்போது ரொட்டியை ஊதா நிறமாக்கும். அது கெட்டுப்போனதன் அடையாளமல்ல. வேறு நிறுவனத்தின் வெளிர்நிற உமியை வாங்கினால் தீர்ந்தது. இசப்கோல் சேர்ந்த ரொட்டி சாப்பிடும் நாளில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மருந்துகளின் உறிஞ்சலை அது தாமதப்படுத்தக்கூடும் என்பதால் மாத்திரைக்கும் அதற்கும் ஓரிரு மணி நேரம் இடைவெளி விடுவது நல்லது.

சாந்தன் கம் ஒரு பாக்டீரியா நொதித்துத் தரும் பசை. 200 கிராம் மாவுக்கு 1 முதல் 2 கிராம் போதும், கூடினால் வழவழப்பு. நேராக ஈரத்தில் கொட்டினால் கட்டி தட்டும். உலர் மாவோடோ ஒரு கரண்டி எண்ணெயோடோ முதலில் கலந்துவிட வேண்டும்.

சீஸும் பிடிக்கும். 170 கிராம் துருவிய மொசரெல்லாவையும் 30 கிராம் கிரீம் சீஸையும் உருக்கி, 85 கிராம் பாதாம் மாவும் ஒரு முட்டையும் சேர்த்துப் பிசைந்தால் உருட்டித் தேய்க்க வரும் மாவு கிடைக்கும். பீட்சா அடிக்கு இதுவே போதும். இங்கே வலை பின்னுவது பாலின் கேசின் புரதம். ஈரம் குறைந்த மொசரெல்லா வேண்டும், நீரில் மிதக்கும் உருண்டை வகை ஆகாது. சூடு ஆறினால் மாவு இறுகிக் கிழியும். பத்துப் பதினைந்து நொடி மறுபடி சூடாக்கிப் பிசைந்தால் வழிக்கு வரும்.

குளூட்டன் ஒவ்வாமை இல்லாதவர்கள் பிரித்தெடுத்த கோதுமைக் குளூட்டனைச் சேர்த்து ஈஸ்ட் ரொட்டியே செய்யலாம். அதில் முக்கால் பங்கு புரதம். ஈஸ்டுக்குத் தின்ன ஒரு தேக்கரண்டி உண்மையான சர்க்கரை போட வேண்டியிருக்கும். எரித்ரிடாலை ஈஸ்ட் தொடாது. போட்ட சர்க்கரையின் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்று வாயுவாகவும் ஆல்கஹாலாகவும் மாற்றிவிடும் என்பதால் அந்த ஒரு கரண்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. சீலியாக் நோய் (குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய்) உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது.

சர்க்கரை வெறும் இனிப்பல்ல

சர்க்கரை கலவைக்குப் பருமன் தரும், ஈரத்தைக் கட்டி வைக்கும், வெண்ணெயோடு அடிக்கும்போது காற்றை ஏற்றும், மேற்புறத்தைப் பொன்னிறமாக்கும். ஸ்டீவியா சர்க்கரையைப் போல 200 மடங்குக்கு மேல் இனிப்பு, சுக்ரலோஸ் சுமார் 600 மடங்கு. சிட்டிகை போட்டால் இனிப்பு வந்துவிடும். 100 கிராம் பருமன் எங்கிருந்து வரும்? கேக் தட்டையாகக் கிடப்பதற்கும் நாவில் கசப்பு நிற்பதற்கும் இதுதான் காரணம். கரண்டிக் கணக்கில் போடும் சில பொடிகளில் அந்தப் பருமனுக்காக மால்ட்டோடெக்ஸ்ட்ரின் சேர்த்திருப்பார்கள். அது ரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும் ஸ்டார்ச் துண்டுதான். உறையின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

பருமன் தரும் இனிப்பூட்டிகளில் முதலில் எரித்ரிடால். சர்க்கரையின் 60 முதல் 70 சதவீத இனிப்பு, கிராமுக்கு 0.2 கலோரி. குறைகள் மூன்று. வாயில் கரையும்போது சூட்டை இழுத்துக்கொள்வதால் புதினா தின்றதுபோல் குளிர்ச்சி அடிக்கும். அறை வெப்பத்தில் 100 கிராம் நீரில் சர்க்கரை 200 கிராம் கரையும் என்றால் இது 60 கிராம் அளவுக்கே கரையும். அதனால் ஆறியதும் மறுபடி படிகமாகி நறநறக்கும். மூன்றாவது, பழுப்பேறாது, இதை வைத்துக் காரமல் காய்ச்ச முயல்வது வீண். பொடித்த எரித்ரிடாலை வாங்கி, அளவைக் கொஞ்சம் குறைத்து, விட்ட இனிப்பைச் சிட்டிகை ஸ்டீவியாவால் ஈடுகட்டினால் குளிர்ச்சியும் நறநறப்பும் பெரும்பாலும் தெரியாது.

அல்லுலோஸ் ஏறக்குறைய சர்க்கரை போலவே நடந்துகொள்ளும். 70 சதவீத இனிப்பு, படிகமாகாது, பழுப்பேறும். சீக்கிரமே பழுப்பேறிவிடும் என்பதால் ஓவனை 10 முதல் 15 டிகிரி குறைக்க வேண்டும். ஈரத்தை இழுத்து வைப்பதால் கேக், கஸ்டர்ட், ஐஸ்கிரீமுக்குப் பொருத்தம். பிஸ்கட் மொறுமொறுப்பாகவே வராது. சில நாடுகளில் இதற்கு விற்பனை அனுமதி இல்லை. சைலிட்டால் சர்க்கரைக்குச் சமமான இனிப்பு, கிராமுக்கு 2.4 கலோரி. நாய் இருக்கும் வீட்டில் அதை வைக்கவே வேண்டாம், சிறு அளவே நாய்க்கு உயிராபத்து. ‘சர்க்கரை இல்லை’ என்று எழுதிய சாக்லேட்டுகளில் வரும் மால்ட்டிட்டால் ரத்தச் சர்க்கரையைக் கணிசமாக ஏற்றும், வயிற்றையும் கலக்கும். அதைக் கணக்கிலிருந்து முழுதாகக் கழிப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

எரித்ரிடால் ரத்தத்தில் அதிகமாக இருந்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாத அபாயமும் கூடுதலாக இருந்ததாக 2023-இல் நேச்சர் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. உடலே எரித்ரிடாலை உண்டாக்கும் என்பதால், உண்டதுதான் காரணம் என்று அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். மற்றவர்களும் தினமும் கேக் தின்ன இதை ஓர் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

கை பழக இரண்டு குறிப்புகள்

ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு கட்டாயம். குத்திப் பார்க்கும் வெப்பமானி இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். முட்டை, வெண்ணெய், கிரீம் எல்லாம் அறை வெப்பத்தில் இருக்கட்டும். குளிர்ந்த முட்டை உருகிய வெண்ணெயில் பட்டால் வெண்ணெய் திரிதிரியாக உறையும்.

முதலில் மஃபின். பாதாம் மாவு 200 கிராம், பொடித்த எரித்ரிடால் 80, பேக்கிங் பவுடர் 8, உப்பு 2 கிராம். இவற்றைச் சல்லடையில் சலித்துக் கலக்குங்கள். தனியாக 3 முட்டை, உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 60 கிராம், கிரீம் 50 மி.லி., கொஞ்சம் வெண்ணிலா. இரண்டையும் சேர்த்தால் கரண்டியிலிருந்து மெதுவாக வழுகி விழும் பதம் வர வேண்டும். குளூட்டன் இல்லாததால் அதிகம் கலக்கினால் ரப்பராகிவிடும் என்ற பயம் வேண்டாம். எட்டுக் குழிகளில் காகிதக் கிண்ணம் வைத்து முக்கால் அளவு நிரப்பி, 165 டிகிரியில் 22 முதல் 25 நிமிடம். மைதா கேக்கைப்போல 180-இல் வைத்தால் பாதாம் மேலே கருகி உள்ளே ஈரமாக நிற்கும். வெளியே எடுத்ததும் தொட்டால் பிய்ந்துவிடும். அச்சிலேயே இருபது நிமிடம் ஆறவிட்டால் இறுகும்.

கணக்கைப் பாருங்கள். மாவில் நெட் கார்ப் சுமார் 20 கிராம், முட்டையும் கிரீமும் 2 அல்லது 3. எட்டாகப் பிரித்தால் ஒன்றுக்கு 3 கிராம். இதே அளவு மைதாவும் சர்க்கரையும் போட்டிருந்தால் ஒன்றுக்கு 29 வந்திருக்கும். ஆனால் கலோரி ஒன்றுக்கு 220-ஐத் தாண்டும்.

அடுத்தது சிறு ரொட்டி, ஆறு எண்ணம். பாதாம் மாவு 150 கிராம், இசப்கோல் பொடி 40, பேக்கிங் பவுடர் 10, உப்பு 5. நன்றாகக் கலந்த பிறகு 3 முட்டையின் வெள்ளைக் கரு, வினிகர் 10 மி.லி. சேர்த்து, கொதித்து இறக்கிய நீர் 220 மி.லி. ஊற்றியபடியே அரை நிமிடம் மட்டும் அடியுங்கள். கண்ணெதிரே பிசின்போல இறுகும். கையை நனைத்துக்கொண்டு ஆறு உருண்டை பிடித்து, நன்றாக இடைவெளி விட்டு அடுக்கி, ஓவனின் கீழ்த்தட்டில் 175 டிகிரியில் 55 முதல் 60 நிமிடம். முதல் 40 நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது. அடியில் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்க வேண்டும், உள் வெப்பம் 97 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். கம்பித் தட்டில் ஒரு மணி நேரம் ஆறிய பிறகே வெட்டலாம். சூட்டோடு வெட்டினால் உள்ளே கோந்தாக இருக்கும். வேகவில்லையோ என்று தோன்றும். உண்மையில் இசப்கோல் பசை இன்னும் இறுகவில்லை, அவ்வளவுதான்.

ஆறிய பிறகும் கோந்தாக இருந்தால் நீர் அதிகம், அல்லது வெப்பம் உள்ளே எட்டவில்லை; 10 நிமிடம் கூட்டிப் பாருங்கள். மேலே பந்துபோல ஊதி, உள்ளே பெரும் பொந்து விழுந்தால் அளவுக்கு மேல் அடித்துவிட்டீர்கள் அல்லது நீர் கூடிவிட்டது. ஓவனில் எழும்பி வெளியே வந்ததும் சுருங்கினால் சுவர் இறுகுமுன் எடுத்துவிட்டீர்கள். உப்பிய அடையாளமே இல்லையென்றால் பேக்கிங் பவுடர் பழையது. ஒரு கரண்டி வெந்நீரில் சிட்டிகை போட்டால் நுரைத்துப் பொங்க வேண்டும். மஃபின் உதிர்ந்தால் 1 கிராம் சாந்தன் கம் அல்லது இன்னொரு வெள்ளைக் கரு. எண்ணெய் கசிந்தால் வெண்ணெயில் 15 கிராம் குறைத்து 10 கிராம் தேங்காய் மாவு. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாவு, இனிப்பூட்டி, வெப்பம் மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பாதாம் மாவு மலிவானதல்ல, ஆகவே சோதனைகளைப் பாதி அளவில் செய்யுங்கள்.

மீந்த மஞ்சள் கருவும் அடுப்புச் சமையலும்

ரொட்டிக்கு வெள்ளை போன பிறகு மூன்று மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் கட்டும். கொழுப்பு மிகுந்த சமையலில் அதன் அருமை அதிகம். ஒரு கருவோடு ஒரு தேக்கரண்டி கடுகு விழுதும் 10 மி.லி. எலுமிச்சைச் சாறும் சேர்த்து, 150 மி.லி. எண்ணெயை முதலில் சொட்டுச் சொட்டாக, இறுகத் தொடங்கியதும் மெல்லிய தாரையாக ஊற்றி அடித்தால் மயோனைஸ். எண்ணெயை அவசரமாகக் கொட்டினால் திரிந்துவிடும். வேறு பாத்திரத்தில் புதிய மஞ்சள் கரு ஒன்றை எடுத்துக்கொண்டு, திரிந்ததைத் துளித்துளியாக அதில் சேர்த்து அடித்தால் மீண்டுவிடும். பச்சை முட்டை என்பதால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் பாஸ்டரைஸ் செய்த முட்டையில் செய்வதே சரி.

மற்ற இரண்டு கருவும் 200 மி.லி. கிரீமும் 20 கிராம் அல்லுலோஸும் சேர்ந்தால் கஸ்டர்ட். சிறு தீயில் துழாவிக்கொண்டே இருந்து 82 டிகிரியில் இறக்க வேண்டும். 85-ஐத் தாண்டினால் பொரித்த முட்டைத் துணுக்குகள் மிதக்கும். இங்கே எரித்ரிடால் வேண்டாம், குளிர்ந்ததும் மணல் கடிபடும்.

சாஸைக் கெட்டியாக்க மைதா வறுக்க வேண்டியதில்லை. கொழுப்பு 35 சதவீதத்துக்கு மேல் உள்ள கிரீமை அகன்ற வாணலியில் மூன்றில் ஒரு பங்கு வற்றவிட்டாலே கரண்டியின் பின்புறத்தில் படியும் பதம் வந்துவிடும். எலுமிச்சை, தக்காளி, ஒயின் எதுவானாலும் இந்தக் கிரீம் திரியாது. கொழுப்பு குறைந்த கிரீம் திரியும். ‘ஆரோக்கியத்துக்காக’ அதை வாங்குவது இந்தச் சமையலில் நேரடி நஷ்டம். ஸ்டார்ச் இல்லாமல் உருக்கிய சீஸ் எண்ணெயும் கட்டியுமாகப் பிரியும். 100 கிராம் சீஸுக்கு 4 கிராம் சோடியம் சிட்ரேட் என்ற உப்பை 90 மி.லி. நீரில் கரைத்துச் சூடாக்கி, சீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்கினால் பட்டுப்போன்ற சாஸ் கிடைக்கும்.

கொழுப்பு அதிகம் என்பதால் எல்லாவற்றையும் ஒரே கொழுப்பில் பொரிப்பது தவறு. வெண்ணெயில் உள்ள பால் திடப்பொருள் 150 டிகிரியைத் தாண்டினால் கருகிக் கசக்கும். அது சாஸுக்கும் மெல்லிய சூட்டுக்கும். நெய்யில் அந்தத் திடப்பொருள் நீங்கிவிடுவதால் 230 டிகிரிக்கு மேல்கூடத் தாங்கும். கடுஞ்சூட்டில் வதக்கவும் பொரிக்கவும் அதுவே பொருத்தம். ஆலிவ் எண்ணெய் இடையில் நிற்கிறது.

சோற்றின் இடத்தில் காலிஃபிளவர் வைப்பவர்கள் குறைசொல்வது எப்போதும் ஒன்றுதான்: குழைந்து நாறுகிறது. அதன் எடையில் 92 சதவீதம் நீர். துருவி உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்து, துணியில் பிழிந்து, அகன்ற வாணலியில் அதிகத் தீயில் மூடாமல் நாலைந்து நிமிடம் மட்டும் புரட்டினால் பொலபொலவென்று வரும். மூடி போட்டு வேகவைத்தால் கந்தக வாடை உள்ளேயே சுற்றும். 100 கிராமில் நெட் கார்ப் 3 கிராம்தான். வெந்த வெள்ளைச் சோற்றில் 28.

சேமிப்பு

கொட்டை மாவுகளில் உள்ள கொழுப்பு காற்றும் வெளிச்சமும் பட்டால் சிக்குப் பிடிக்கும். காற்றுப்புகாத டப்பாவில் உறைபெட்டியில் வைத்து, வேண்டியதை முந்தைய இரவே வெளியே எடுத்து வையுங்கள். ஆளிவிதையை முழுதாக வாங்கி அவ்வப்போது பொடிப்பதே மேல். செய்த பண்டங்களில் ஈரத்தைக் கட்டிவைக்கச் சர்க்கரை இல்லை என்பதால் அவை சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். மேசையில் ஒரு நாள், குளிர்பெட்டியில் நாலைந்து நாள். ரொட்டியை ஆறியதும் வில்லைகளாக வெட்டி, இடையில் காகிதம் வைத்து உறையவிட்டால் ஒரு மாதத்துக்குக் கவலையில்லை. உறைந்தபடியே டோஸ்டரில் போடுங்கள். இசப்கோல் ரொட்டி அன்று சுட்டதைவிட இப்படி வாட்டிய பிறகுதான் இன்னும் நன்றாக இருக்கும்.